ஜலதோஷத்துக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட படங்கள்

ஐப்பசி மழையில் முக்கொம்புக்குப் போய் நனைந்து வந்ததன் பலன், நான்கு நாட்களாக ஜலதோஷம். சுக்குக் கஷாயமும் மிளகு ரசமுமாகப் போர்வைக்குள் முடங்கியபடி பாதாள பைரவி, மாயா பஜார், ஜகதலப்பிரதாபன் என்று வரிசையாகப் பார்த்து முடித்தேன். நலம் விசாரிக்க அழைத்த இலக்கிய நண்பரிடம் இதைச் சொன்னபோது, "உடம்பு சரியில்லாதபோது பார்க்கலாம், தப்பில்லை" என்றார். அந்தப் பெருந்தன்மைக்குத்தான் இந்த மறுப்பு.

மூளை ஓய்ந்து கிடக்கும்போது மட்டுமே மாயாஜாலப் படம் பார்க்கலாம் என்பது தீவிர வாசகர்களிடையே எழுதப்படாத சட்டம். இதே நண்பர், கார்சியா மார்க்வெஸின் நாவலில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானேறுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். கடோத்கஜனின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து சென்றால் மட்டும் அது சிறுபிள்ளைத்தனம். கொலம்பியாவிலிருந்து வந்தால் மாய யதார்த்தம். வடபழனியிலிருந்து வந்தால் அம்புலிமாமா!

இவை வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் படங்கள் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. 1951இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த பாதாள பைரவியின் கதை என்ன? தோட்டக்காரர் மகன் இளவரசியைக் காதலிக்கிறான். தனக்கு நிகரான செல்வத்தோடு வரச் சொல்கிறார் அரசர். செல்வம் தேடிப் போகிறவனை, அவன் வீரன் என்பதற்காகவே பலியிடத் திட்டமிடுகிறான் மந்திரவாதி. ஏழையின் காதலுக்கு விலை நிர்ணயிப்பதும், அவன் துணிச்சலைப் பிறர் தம் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்வதும் நம் ஊரில் நடக்காதவையா?

கலை நுட்பம் இல்லை என்போரும் உண்டு. பம்பாயில் 1952இல் நடந்த முதல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் பாதாள பைரவி திரையிடப்பட்டது. அதற்கும் 1957இன் மாயா பஜாருக்கும் ஒளிப்பதிவு செய்த மார்கஸ் பார்ட்லியின் நிலவொளியை இன்றும் வியந்து பேசுகிறார்கள். கணினி இல்லாத 1944இல், நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா ஜகதலப்பிரதாபனில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே காட்சியில் சேர்ந்து தோன்றினார். அதை எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசித்தே எனக்கு ஓர் இரவு தூக்கம் போனது.

இளவரசியைப் பரிசுப் பொருளாக்குவதையோ, இடையில் நீளும் பாடல்களையோ நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குறை சொல்வதற்கும் முதலில் மதித்துப் பார்க்க வேண்டும். சினிமாதானே என்ற அலட்சியத்துக்கு நாம் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. மௌனப் படங்களில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. தெலுங்கர்கள் 2010இல் மாயா பஜாருக்கு வண்ணமேற்றித் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டார்கள். நாமோ ஜலதோஷம் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளத்தின் மிகுதியெல்லாம் கொள்ளிடத்தில் போவதால், வீணாகக் கடலுக்குப் போகும் ஆறு என்று அதைச் சொல்லிவிடுகிறோம். அந்த மிகுதியைக் கொள்ள அது இல்லையென்றால் காவிரிக்கரை என்னவாகும்? அதன் நீர்தான் அணைக்கரையிலிருந்து வீராணம் ஏரிக்கும் போகிறது. கற்பனையை உபரி என்று ஒதுக்குகிற நண்பர் ஒருநாள் முக்கொம்புக்கு வந்து நின்று பார்க்கட்டும்.

மூக்கடைப்பு இன்று நீங்கிவிட்டது. நாளை முழு ஆரோக்கியத்துடன் பட்டணத்தில் பூதம் பார்ப்பதாக இருக்கிறேன். நண்பரையும் அழைத்திருக்கிறேன். அவருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது.