ஏடு பெயர்த்தலும் பதிவு பெயர்த்தலும்

பனையேட்டை ஒருவர் பெயர்த்தெழுத, அவர்தம் பிழையையும் உடன்சேர்த்து அடுத்தவர் பெயர்த்தெழுத, ஒரு பிழை பல பிரதிகளிற் பரவிய வரலாற்றைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிடுதற்குப் பல ஏடுகளை ஒப்புநோக்கி உழைத்தது இதன்பொருட்டேயாம். கணினி வந்த இந்நாளிலும் அக்குறை ஒழிந்ததில்லை. பிழை பரவும் விரைவே மிகுந்தது.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசற் சீமையின் ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை வரையப் புகுந்தேன். பெருநூலகங்களின் தரவுத்தளங்களில் தேடி, கிடைத்த நூற்பதிவுகளை ஆர்.ஐ.எஸ். கோப்பாகப் பெற்று, சோட்டெரோ என்னும் மேற்கோள் மென்பொருளிற் சேர்த்தேன். நொடிப்பொழுதில் நூற்பட்டியல் எழுந்தது. அச்சிட்டு நோக்கியபோது நாணினேன். 'தமிழகம் ஊரும் பேரும்' (1946) இயற்றிய ரா. பி. சேதுப்பிள்ளையும், எஸ். வையாபுரிப்பிள்ளையும் 'பிள்ளை' என்னும் ஒரே குடும்பத்தாராய் அதில் நின்றனர்!

காரணம் எளிது. அக்கோப்பு வெறும் எழுத்தாலாயது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஒவ்வொன்றும் தனிக்குறியுடன் தனிவரியில் நிற்கும். ஆசிரியர் வரியிலே குடும்பப்பெயர் முன்னும், காற்புள்ளிக்குப் பின் இடுபெயரும் வருதல் மரபு. ஜி. யு. போப்பையர்க்கு இஃது இனிது பொருந்தும். சாமிநாதையர்க்கோ 'உ' என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையர் பெயர். குடும்பப்பெயர் இல்லாதார்க்கு அதனை வலிந்து சூட்டுவது எங்ஙனம் முறையாகும்?

ஊர்ப்பெயரும் தப்பவில்லை. ரோமன் எழுத்திற் பெயர்த்த பதிவுகளில் ழகரத்தைக் காட்டும் அடையாளம் உதிருமாயின், சுழியும் சுளியும் சுலியும் ஒன்றாகிவிடும். அன்றியும் 1985 வரை இவ்வூர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சார்ந்தன. ஆகவே விருதுநகர் மாவட்டம் என்றே தேடுவார்க்கு முந்திய நூல்கள் பல அகப்படா. அகப்படாத நூல் கல்லாத நூலே.

'இயந்திரத்தை விடுத்துக் கையால் எழுதுக' என்பாரும் உளர். அவருடன் யான் உடன்படேன். கையும் பிழைக்கும் என்பதற்குப் பனையேடே சான்று. வானம் பார்த்த பூமியிலிருந்து பேருந்தேறிப் பெருநூலகம் நாடிச் செல்லும் மாணவனுக்குக் காலமும் காசும் அரியன. வீட்டிலிருந்தே நூலின் இருப்பை அறிந்து குறித்துக்கொள்ள உதவும் கருவி அவனுக்கு வரமேயாகும். யான் வேண்டுவது, கருவியின் வேலையையும் நம் கடமையையும் பிரித்தறிதல் ஒன்றே.

பதிவைச் சுமந்து வருவது கருவியின் வேலை. மெய்ப்பது நம் கடமை. அம்மென்பொருளிலேயே ஆசிரியர் பெயரை இரண்டாகப் பிளவாது ஒரே கட்டத்தில் இடும் வழியுண்டு. தமிழ்ப்பெயரை அங்ஙனமே இடுக. தலைப்பைத் தமிழெழுத்தில் எழுதுக. ஊரின் பழைய மாவட்டத்தையும் புதிய மாவட்டத்தையும் குறிச்சொற்களாகச் சேர்க்க. நூல் கைக்கு வந்தபின் அதன் முகப்பேட்டோடு பதிவை ஒப்பிடுக.

அருப்புக்கோட்டை நெசவாளர் பாவில் அறுந்த இழையைக் கண்டால் பிணைத்த பின்னரே தறியை ஓட்டுவர். நூல் கற்கும் நாமும் நூல் நெய்யும் அவரிடம் இதனைக் கற்போமாக. நாம் திருத்தாது விடும் பெயர், நமக்குப் பின் வருவார் கையில் பிழையாகவே சேரும் என்பதை மறவாதிருப்போமாக.