விளையாட்டைப் படிக்க மறுக்கும் இலக்கியத் துறைகள்

மாங்காவைப் பற்றி ஆய்வேடு எழுதலாம். அனிமேயைப் பற்றியும் எழுதலாம். அவற்றிலிருந்து உருவான காணொளி விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதலாகாது. எழுதப்படாத இவ்விதி நம் இலக்கியத் துறைகளில் வேரூன்றியிருக்கிறது. இதை ஆய்வு நெறி என்று போற்றுகின்றனர். ஆய்வுச் சோம்பல் என்பதே என் வாதம்.

இவ்விதியை ஆதரிப்போர் முதலில் கூறுவது, அவ்விளையாட்டுகள் வணிகச் சரக்கு என்பது. ஆம், வணிகச் சரக்குதான். அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ மட்டும் தவச்சாலையிலா பிறந்தது? 1984 முதல் 1995 வரை, வாசகர் வாக்கெடுப்பின் நெருக்கடிக்கு நடுவே, ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வெளிவந்த தொடர் அது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் விற்பனையானதே. ஒரு படைப்பு எங்கே பிறந்தது என்பதை விற்பனை சொல்லும். அதன் தகுதியைச் சொல்லாது.

அடுத்த மறுப்பு, கதை ஏற்கெனவே உள்ளது, விளையாட்டு புதிதாக எதைச் சேர்க்கிறது என்பது. ‘டிராகன் பா’லில் கோக்கு தன் அண்ணன் ராடிட்ஸை இறுகப் பற்றிக்கொள்ள, பிக்கோலோவின் கதிர் இருவரையும் துளைக்கிறது. வாசகர் அச்சாவைக் காண்கிறார். ‘டிராகன் பால் இசட்: காகரோட்’ (2020) விளையாட்டில் ஆடுபவர் அச்சண்டையில் வென்றாக வேண்டும், வென்ற பின்பே கோக்கு சாகும் காட்சி திறக்கும். திறமைக்குக் கிடைக்கும் பரிசு, மாற்ற இயலாத மரணம். ‘டிராகன் பால்: ஸ்பார்க்கிங்! ஜீரோ’ (2024) இதற்கு மறுமொழி கூறுகிறது. அங்கே பிக்கோலோவுடன் சேராத வழியையும் தெரிவு செய்யலாம். மூலத்தில் இல்லாத கதைக் கிளை அதிலிருந்து விரியும். குறளின் ‘ஊழ்’, ‘ஆள்வினையுடைமை’ ஆகிய அதிகாரங்களை எதிரெதிர் நிறுத்தித் தலைமுறைகளாக வாதிட்டுவரும் நமக்கு, இவ்விரு வடிவங்களுக்கிடையே உள்ள பூசல் விளங்கவில்லை என்றால் யார் நம்புவார்?

இதை விளங்கிக்கொள்ளத் தோக்கியோ செல்ல வேண்டியதில்லை. சித்தூர் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரத விழாவைப் பாருங்கள். பகலில் பாரதம் படிக்கப்படுகிறது; இரவில் அது கூத்தாகிறது; முடிவில் ஊரே கதைக்குள் நுழைகிறது. அர்ச்சுனன் வேடமிட்டவர் தவமரம் ஏறுகிறார்; அவர் வீசும் எலுமிச்சைக்காகப் பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருக்கின்றனர். படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் தொடை பிளக்கப்படுகிறது. அடியார்கள் தீ மிதிக்கின்றனர். படித்தல், பார்த்தல், புகுந்து நிகழ்த்தல் என ஒரே கதை மூன்று நிலைகளில் தழுவப்படுகிறது. மாங்கா, அனிமே, விளையாட்டு என்னும் வரிசையும் இதுவே. வழிபாட்டையும் பொழுதுபோக்கையும் நான் சமமாக்கவில்லை. தழுவலின் படிகளையே ஒப்பிடுகிறேன். வில்லிபாரதத்தில் உள்ள கதைதானே என்று சொல்லிப் படுகளத்தை எந்த ஆய்வாளரும் புறந்தள்ளுவதில்லை. விளையாட்டுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

இம்மறுப்பின் விலையைச் செலுத்துவோர் நம் பிள்ளைகள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் தமிழ், தெலுங்கு ஒலிமாற்றத்துடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம் வெளியான அத்தொடரின் விளையாட்டில் இவ்விரு மொழிகளுக்கும் இடமில்லை. மொழியின் பெயரால் நாம் எல்லைக்குப் போராடினோம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லையின் இருபுறமும் பிள்ளைகள் இன்று, கதையில் தாமே முடிவெடுக்க வேண்டிய இடத்தில், ஆங்கில வரிகளை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றனர்.

நிறுவனங்கள் சந்தைக் கணக்கைக் காட்டும். சரி, நாளை அவர்களே கேட்டு வந்தால், மொழிபெயர்க்கத் தெரிந்தவர் நம்மிடம் எத்தனை பேர்? விளையாட்டின் உரை தொடர்ச்சியான உரைநடையாக வருவதில்லை. துண்டு துண்டான வாக்கியங்களில் பெயர்களைக் கணினி இடையிடையே செருகுகிறது. ஆங்கிலத்தில் பெயர் மாறாமல் நிற்கும். தமிழிலும் தெலுங்கிலும் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும், சில பெயர்களின் ஈற்றையே மாற்றும். ‘நீ’ எங்கே, ‘நீங்கள்’ எங்கே என்பதை வாக்கியத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இவை இலக்கணச் சிக்கல்கள். நம் துறைகள் தீர்க்க வேண்டியவை.

இவ்விளையாட்டுகளுக்கு நான் துதி பாடவில்லை. ‘டொக்கன் பேட்டில்’ (2015) போன்ற கைபேசி விளையாட்டுகள், எந்த வீரன் கிடைப்பான் என்பதைக் குலுக்கலுக்கு விட்டுப் பணம் ஈட்டுகின்றன. அதைக் கண்டிக்கவும் அதன் இயக்கம் தெரிய வேண்டும். ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ 2019இல் வெளியானது. 2022 பிப்ரவரியில் இணைய விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. சுவடிகள் அழிந்ததற்குக் கரையானைப் பழித்தோம். மூன்றே ஆண்டுகளில் கடையிலிருந்து மறையும் ஒரு படைப்பைப் பதிவு செய்யாததற்கு யாரைப் பழிப்போம்?

என் கோரிக்கைகள் மூன்று. தழுவல் பற்றிய தாள்களில் ஒரு விளையாட்டேனும் பாடமாக வேண்டும். ஆய்வேட்டில் விளையாட்டை முதன்மைச் சான்றாக ஏற்க வேண்டும். தமிழ், தெலுங்கு மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து விளையாட்டு உரையை மொழிபெயர்க்கும் பயிலரங்கு தொடங்க வேண்டும். திராவிட மொழிகளுக்கெனவே 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது?

மறுப்போர் மறுக்கட்டும். ஒரு விளையாட்டையேனும் முடிவுவரை ஆடிய பின் மறுக்கட்டும்.