பச்சப்பிள்ளைக்கு வாசமும் வேணாம், வெள்ளையும் வேணாம்



பெரகல, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை பக்கத்து உறவுகளே! இது நம்ம முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் எழுதுவதல்ல. தோட்டத்து லயத்துக்கும் டவுன் வீட்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். திட்டுவதென்றால் கடைசி வரை வாசித்துவிட்டு கொமெண்டில் திட்டுங்கள்.

நம்ம பக்கத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் பார்க்க வருகிற எல்லோர் கையிலும் ஒரே பெட்டி. ரோஸ் கலர், இல்லாவிட்டால் நீலம். உள்ளே சோப், பவுடர், கிறீம், கொலோன். நாற்பது முடிவதற்குள் அலுமாரிக்கு மேல் ஏழெட்டுப் பெட்டி அடுக்கியாகிவிடும். கொழுந்து பறிக்கிற அக்காவும் வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை என்று ஒரு நாள் சம்பளத்தைக் கொட்டி அதைத்தான் வாங்கி வருகிறார். வந்த சாமான் வீணாகக் கூடாதே என்று அத்தனையும் அந்த மூன்று கிலோ உடம்பில் ஏறுகிறது.

நேராகவே கேட்கிறோம். இதில் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வாசம் பார்க்க வருகிறவர்களுக்கு. வெள்ளை சொந்தக்காரர் வாய்க்கு. பிள்ளைக்கு மிஞ்சுவது சொறியும் சிவப்பும் மட்டும்தான்.

பச்சப்பிள்ளையின் தோல் நம்ம தோலைவிட மெல்லியது. உடம்பின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் பெரியவர்களைவிடக் கூட. அதனால் மேலே பூசுவது உள்ளே போகும் அளவும் கூடுகிறது. பிறந்த பிறகு வரும் வாரங்களில்தான் அந்தத் தோல் மேற்பரப்பில் மெல்லிய அமிலத் தன்மையை உண்டாக்கி, கிருமியைத் தடுக்கப் பழகுகிறது. சாதாரண சவர்க்காரம் காரத் தன்மை உள்ளது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் நுரை போட்டுத் தேய்த்தால் தோல் தானாகக் கட்டிக்கொண்டிருக்கும் வேலியை நாமே பிடுங்குவதாகிவிடும். கொலோனில் இருப்பது அற்ககோலும் வாசனையும். நம்ம பக்கத்துக் குளிர்காற்றில் ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் தோலை அது இன்னும் காய வைக்கும்.

அடுத்தது பவுடர். அரை டின் பவுடரைக் கொட்டி, கழுத்து மடிப்பில் மாவு போல அப்பி, "எவ்வளவு அழகு" என்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தத் தூசை முதலில் மூச்சில் இழுப்பது பிள்ளைதான். சின்ன நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் பிள்ளை வைத்தியர்கள் இதை வேண்டாம் என்று பல வருடமாகச் சொல்கிறார்கள். டல்க் என்பது மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் கனிமம். அதே மண்ணில் அஸ்பெஸ்டசும் கலந்து கிடக்கலாம். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் பவுடர் பற்றி 2018 டிசம்பரில் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்ட பிறகு, 2019இல் நம்ம நாடே அஸ்பெஸ்டஸ் இல்லை என்ற அறிக்கை கேட்டு அதன் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. தன் பவுடர் பாதுகாப்பானது என்றே அந்தக் கம்பனி சொல்லிவந்தது. ஆனாலும் 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023இல் உலகம் முழுவதும் டல்க் பேபி பவுடரை விட்டுவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. 2024இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டல்க்கை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில், 2ஏ பிரிவில் சேர்த்தது. பவுடர் போட்ட பிள்ளைக்கெல்லாம் நோய் வரும் என்று நாங்கள் பயம் காட்டவில்லை. ஒரு பிரயோசனமும் இல்லாத ஒன்றுக்காக ஏன் இந்த வம்பு என்றுதான் கேட்கிறோம்.

இனிச் சொல்வது நம்ம சமூகத்துக்குக் கசக்கும். சுறுமா.

உம்ரா போய் வருகிறவர்கள் சின்னக் குப்பியில் கொண்டு வருகிறார்கள். "சுன்னத்து" என்று சொல்லிப் பச்சப்பிள்ளையின் கண்ணில் இழுக்கிறார்கள். ஹதீஸில் வருவது இஸ்மித் என்ற ஒன்று. இன்று குப்பியில் விற்கும் பல சுறுமாக்களில் இருப்பது கலீனா என்ற கல்லின் பொடி. அது ஈயம். அமெரிக்காவில் சுறுமா, காஜல் வகைகளை அழகுசாதனமாக விற்க அனுமதியே இல்லை. பிள்ளை கண்ணைக் கசக்கும், அதே கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு ஒன்று கிடையாது என்றும் அதே அமைப்பு சொல்கிறது.

ஈயம் காய்ச்சலாகவோ இருமலாகவோ வெளியே தெரியாது. மூளை வளரும் வயதில் மூளையில் கை வைக்கும். கவனம் குறையும், படிப்பு ஏறாது. வகுப்பறையில் நிற்கிற எங்களுக்கு இந்த இடம்தான் வலிக்கிறது. படிப்பு ஏறாத பிள்ளைக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் அறிவில் ஒரு துளியைக்கூட நம்ம கையாலேயே அழித்துவிட்டு, பிறகு "மண்டைக்குள்ள ஒன்னும் போகுதில்ல" என்று அதே பிள்ளையை ஏசுவது என்ன நியாயம்? பிள்ளை நம்மிடம் தரப்பட்ட அமானிதம். தீங்கு செய்யாதே என்பது மார்க்கத்தின் அடிப்படை. என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒரு பொடிக்கு சுன்னத்து என்று பெயர் வைத்து விற்பவனுக்காக நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

தோட்டத்துச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கண்ணூறுக்குப் பயந்து வைக்கும் பொட்டு உங்கள் நம்பிக்கை, அதில் நாங்கள் தலையிடவில்லை. கடையில் வாங்கிய மையைக் கண்ணுக்குள் மட்டும் இழுக்காதீர்கள்.

மூன்றாவது, வெள்ளை. "வாப்பா நிறமில்லையே, கடலை மா போட்டுத் தேய்ங்க" என்று பிறந்து பத்து நாள் ஆகாத பிள்ளைக்கு வைத்தியம் சொல்கிற வாய்களை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். தேய்த்தால் நிறம் மாறாது, தோல்தான் உரியும். உம்மா பூசுகிற வெள்ளையாக்கும் கிறீம் அதைவிட ஆபத்து. லேபல் ஒழுங்காக இல்லாத கிறீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில் இப்படிப்பட்ட கிறீம் பாவித்த வீடுகளில் சோதித்தபோது, கிறீமைத் தொடாத வீட்டாரின் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது. அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். கையிலும் துவாயிலும் தலையணையிலும் ஒட்டி அது பரவுகிறது. கன்னத்தில் கிறீமோடு பிள்ளையை அணைத்துப் பால் கொடுக்கும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா ஒப்பந்தத்தில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. பாதரசம் சேர்த்த அழகுசாதனம் 2025க்குப் பிறகு உற்பத்தி செய்யவோ இறக்கவோ கூடாது என்பது அதன் முடிவு. சட்டம் ஜெனீவாவில் இருக்கிறது, கிறீம் நம்ம டவுன் கடையில் இருக்கிறது.

"உம்மும்மா காலத்திலிருந்து போடுறதுதானே, நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்று கேட்பீர்கள். உம்மும்மா காலத்தில் இந்தப் பெட்டி எங்கே இருந்தது? உம்மும்மா வைத்திருந்தது வெந்நீரும் வெள்ளைத் துணியும்தான். "இது இயற்கை" என்பார்கள். கலீனாவும் இயற்கைதான், பாதரசமும் இயற்கைதான். பெட்டியில் "அலர்ஜி வராது" என்று அடித்திருப்பதையும் நம்பிவிடாதீர்கள். அப்படி எழுத ஒரு கம்பனி எதையும் நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்காவில்கூடச் சட்டம் இல்லை.

அப்போ என்னதான் செய்வது? செலவு குறைவான வேலைதான்.

பிறந்து 24 மணித்தியாலம் போகும் வரை குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம். பிறகு இளஞ்சூட்டு நீர், கொஞ்ச நேரம், தேய்க்காமல் ஒற்றித் துடையுங்கள். சோப் வேண்டுமென்றால் வாசனை இல்லாதது, அதுவும் அழுக்கான இடத்துக்கு மட்டும். தோல் காய்ந்தால் குளித்த ஈரத்தோடு வாசனை இல்லாத வெசலின் மெல்லியதாகப் போதும். நெப்பி இடத்தை நீரால் கழுவி, காற்றாட விடுங்கள். சிவந்தால் சிங்க் கிறீம். கம்பளித் தொப்பிக்கும் சுவெட்டருக்கும் உள்ளே பருத்தித் துணி இருக்கட்டும். மழை மாதத்தில் துணி காயாது, தெரியும். அதற்காக அடுப்புப் புகையில் காய வைத்து அப்படியே உடுத்தாதீர்கள். சலவைத் தூள் போகும்வரை இன்னொரு தண்ணீரில் அலசுங்கள். பாமசியில் வாய்ச் சொல்லுக்கு ஒயின்ட்மென்ட் வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீரொயிட் கலந்திருந்தால் தோல் மெலிந்துவிடும். சீழ், கொப்புளம், காய்ச்சலோடு தடிப்பு என்றால் மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லி, தியத்தலாவைக்கோ பண்டாரவளைக்கோ அன்றைக்கே கொண்டு போங்கள்.

கடைக்கார நானாமாருக்கு ஒரு வேண்டுகோள். தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத கிறீமை, சுறுமாவை விற்காதீர்கள். அதில் வரும் லாபம் உங்கள் பிள்ளைக்கும் ஹலாலான சோறாக இருக்க வேண்டுமல்லவா?

மற்ற எல்லோருக்கும்: அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு பருத்திச் சட்டை, ஒரு துவாய், உம்மாவுக்குப் பத்து முட்டை, இல்லாவிட்டால் கையில் காசு. போனதும் சோப் போட்டுக் கை கழுவுங்கள். அந்த வீட்டில் சோப்பு தேவைப்படுவது உங்கள் கைக்குத்தான்.

சரியென்று பட்டால் ஷெயார் பண்ணுங்கள். வஸ்ஸலாம்.