ஊசியில்லாத சோதனையை எவ்வளவு நம்பலாம்?

ஒருவருக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று காதில் விழுந்ததுமே, "குடித்துக் கெடுத்துக்கொண்டார்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது தமிழர்களிடையே ஊறிப்போன வழக்கம். மில்லிலும் சரி, ஆபீசிலும் சரி, இந்தப் பேச்சுக்கு அஞ்சியே நோயை மறைப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு சொட்டு மதுவையும் தொடாதவர்களுக்கு, அதிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வரும் கல்லீரல் நோய் ஒன்று இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். "ஆட்டோ இம்யூன் ஹெபடைட்டிஸ்" என்று டாக்டர்கள் சீட்டில் எழுதித் தருவது இதைத்தான்.

இந்த அழற்சி நீடித்தால் ஈரலில் தழும்பு விழுகிறது. தழும்பு பெருகி ஈரல் இறுகிப்போனால் அது சிரோசிஸ். நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த நிலைக்கு வந்துவிட்டிருக்கிறார். ஆகவே தழும்பு எவ்வளவு என்று அறிவது மிக அவசியம். அதற்குப் பழைய வழி பயாப்சி. விலா எலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தி, ஒரு துணுக்குச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிறிதளவு ரத்தக்கசிவு அபாயம் உண்டு. தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலியும் போயிற்று. எடுத்த துணுக்கோ, முழு ஈரலில் சுமார் 50,000-ல் ஒரு பங்குதான்.

ஊசியில்லாத சோதனைகளுக்கு இத்தனை வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. ஒன்று, வெறும் கணக்கு. "பிப்-4" என்று பெயர். 2006-ல் வெளிவந்தது. வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையாலும் ஏ.எல்.டி. அளவின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் விடை. 1.45-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 3.25-க்கு மேலே போனால் அதிகம். மற்றொன்று பைப்ரோஸ்கேன் யந்திரம். விலாவில் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து, அதன் இறுக்கத்தை எண்ணாகச் சொல்கிறது. வலியில்லை. மூன்று மணி நேரம் பட்டினி இருந்தால் போதும்.

ஆனால் இந்தக் கணக்கு முதலில் யாரை வைத்துப் போடப்பட்டது? எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ்-சி கிருமியும் சேர்ந்து தாக்கியவர்களை வைத்து. ஆட்டோ இம்யூன் நோயில் அதை அப்படியே ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கலாம். நாற்பது வயதுப் பெண். பிளேட்லெட் இரண்டு லட்சம். நோய் கொதிக்கும் வேளையில் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் 400. கணக்கு 4 என்று வரும். பிரெட்னிசோலோன், அசதயோப்ரின் மாத்திரைகளால் சில மாதங்களில் இரண்டும் 25-க்கு இறங்கினால், அதே கணக்கு 1 என்கிறது. ஈரலில் விழுந்த தழும்பு இதற்குள் அந்த அளவுக்குக் கரைந்துவிடாது. இறங்கியது அழற்சி. பைப்ரோஸ்கேனுக்கும் இதே குறைதான்: வீங்கிய ஈரலும் இறுகித்தான் இருக்கும். யந்திரம் வீக்கத்தையும் தழும்பையும் பிரித்தறியாது. சிகிச்சை தொடங்கி ஆறு மாதமாவது ஆகி, அழற்சி அடங்கிய பின் எடுத்த அளவே தழும்பை ஓரளவு நேர்மையாகக் காட்டுகிறது.

இது டாக்டர்களுக்குள் நடக்கும் சர்ச்சை என்று ஒதுக்கிவிட முடியாது. 4 என்ற எண்ணைப் பார்த்துக் கதிகலங்கி, ஊருக்குக் கடிதம் போட்டு, நகையை அடகு வைக்கும் குடும்பமும் உண்டு. 1 என்பதைப் பார்த்து, "குணமாகிவிட்டது, இனி எதற்குச் செலவு?" என்று மாத்திரையை விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிடுகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அங்கே பத்து நாள் மருந்தில்லாமல், கீழாநெல்லிச் சாற்றை நம்பி இருந்துவிட்டு வருவதும் இதில் சேர்த்திதான். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே தனி ஆபத்து.

பயாப்சிக்குப் பயந்து, "அந்த யந்திரத்திலேயே பார்த்துவிடுங்கள்" என்று டாக்டரை வற்புறுத்துவது சரியல்ல. இது இன்ன நோய்தான் என்று முதலில் உறுதி செய்ய ஊசி வேண்டும். அந்த வேலையை எந்த யந்திரமும் செய்யாது. பிறகு ஆண்டுக்காண்டு கவனித்து வருவதற்கு ஊசியில்லாத சோதனை நல்ல துணை. மீண்டும் மீண்டும் ஊசி குத்துவதைப் பெரும்பாலும் தவிர்க்கிறது.

ஆஸ்பத்திரிகளின் பக்கமும் குறை இருக்கிறது. ஓர் எண்ணை அச்சடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாஷை தெரியாத ஊரில் வாங்கிக்கொள்பவர் யாரிடம் போய் விளக்கம் கேட்பார்? ஸ்கேன் சீட்டிலேயே, சிகிச்சை தொடங்கிய தேதியையும் அன்றைய ஏ.எல்.டி. அளவையும் சேர்த்து எழுதித் தரலாம். அந்த இரண்டு வரி இருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டரானாலும் சொந்த ஊர் டாக்டரானாலும், அந்த எண் வீக்கத்தைச் சொல்கிறதா தழும்பைச் சொல்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் ஊகித்துக்கொள்வார்.