ஏலமலையின் ஏற்றமும் வீழ்ச்சியும்

போடிநாயகனூருக்கு ரயில் வந்தது 1928-ஆம் வருஷத்தில். மறு வருஷம் அக்டோபர் மாதம் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. கடல்களுக்கப்பால் நேர்ந்த அவ்வீழ்ச்சி நம் மாகாணத்தின் நெல் விலையைப் பாதியாக்கிற்று. நிலவரிச் சுமையோ லேசாகவில்லை. 1931-க்குப் பின் நம் பெண்மக்களின் கழுத்திலும் காதிலும் கிடந்த தங்கம் அடகுக் கடை வழியே கப்பலேறிற்று. இந்தப் பழங்கதையை நாம் இப்போது எடுப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

முதல் மகாயுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் கோதுமை புஷலுக்கு இரண்டு டாலருக்கு மேல் விற்றது. அவ்விலை சாசுவதமென்று நம்பிய குடியானவர்கள் கடன்பட்டு நிலம் வாங்கினார்கள். ஐரோப்பிய வயல்கள் மறுபடி விளைந்ததும் விலை விழுந்தது, கடன் விழவில்லை. பட்டணவாசிகளோ கிராமத்தின் ஓலத்தைக் காதில் வாங்காமல், தவணை முறையில் மோட்டாரும் ரேடியோவும் வாங்கிக் குவித்தார்கள். பத்து டாலரைக் கையில் வைத்துக்கொண்டு நூறு டாலர் பங்கை வாங்கினவர்களும் அநேகர். 1932-ல் கோதுமை நாற்பது சென்டுக்கும் கீழே போயிற்று. 1933-ல் உழைப்பாளிகளில் நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். 2018-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் ஏலத்தோட்டங்களைச் சீரழித்தது. அடுத்து மழையும் பொய்க்கவே, சரக்கு அருகிற்று. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்று உச்ச விலையாக 7,000 ரூபாய்க்குப் போயிற்று. (சரக்குக்கும் அதை விற்கும் முறைக்கும் நம் பாஷையில் ஒரே பெயர் அமைந்தது ஒரு வேடிக்கை.) அது பற்றாக்குறையால் வந்த விலை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? ஏலச்செடி நட்டுப் பலன் காண இரண்டு மூன்று வருஷமாகும். 7,000 ரூபாயைக் கண்டு நட்டவனுக்கும், அந்த விலையை நம்பிக் குத்தகை பேசியவனுக்கும் காய் கைக்கு வந்தபோது சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. உரக்கடைக்காரரும் வட்டிக்காரரும் தங்கள் கணக்கைக் குறைத்துக்கொள்ளவில்லை.

பின்பு 2024-ல் குவாத்தமாலா தேசத்தில் விளைச்சல் குன்றியதால் நம் சரக்குக்கு மீண்டும் நல்ல விலை வந்தது. தோட்டக்காரர் பிழைத்ததில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் அயலான் நஷ்டத்தினால் வந்த லாபம், அவன் தோட்டம் தழைத்தவுடன் போய்விடும்.

இந்தக் கணக்கில் யாருடைய பெயரும் ஏறாதவர்கள் ஒரு சாரார் உளர். விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நெருக்குண்டு மலையேறும் கூலிப் பெண்களையே குறிப்பிடுகிறோம். விலை ஏழாயிரமானபோது அவர்கள் கூலி அந்த விகிதத்தில் உயர்ந்ததா? இல்லை. விலை விழுந்தாலோ, தோட்டக்காரர் முதலில் நிறுத்துவது களையெடுப்பையும் கவாத்தையும். அதாவது இவர்களுடைய வேலை நாட்களை. லாபத்தில் பங்கில்லாதவருக்கு நஷ்டத்தில் மட்டும் பங்கு வைப்பது எந்த நியாயம்? வேலை செய்வது கேரளத்தில், வாக்களிப்பது தமிழ்நாட்டில் என்றிருப்பதால் இரண்டு சர்க்கார்களும் இவர்களை மற்றவர் பொறுப்பென்று விட்டுவிடுவது எளிதாகிறது. 2020-ல் தொற்றுநோயின்போது எல்லை அடைபட்டதும் இவர்கள் பட்ட பாடு இதற்குச் சாட்சி.

2003-ல் மத்திய சர்க்கார் விலை ஸ்திர நிதி ஒன்றை ஏற்படுத்தியபோது தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலை நான்கையும் சேர்த்து, ஏலத்தை விட்டுவிட்டது. அந்த ஓரவஞ்சனை திருத்தப்பட வேண்டும். விலை உயரும் வருஷங்களில் பெருந்தோட்டங்களும் ஏற்றுமதியாளரும் விற்கும் சரக்கில் கிலோவுக்குச் சில ரூபாய் பிடித்து, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் பொறுப்பில் தனி நிதியாக வைக்கலாம். விலை விழும் வருஷங்களில் அதிலிருந்து சிறு தோட்டக்காரருக்கும், வேலையிழந்த கூலிகளுக்கும் உதவி சேரவேண்டும். அதற்கு முதற்படியாக, தினந்தோறும் போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறி இறங்குவோர் அனைவரையும் இரு சர்க்கார்களும் கூடி ஒரே பதிவேட்டில் பதிய வேண்டுமென்றும், விலை நன்றாயிருக்கும் காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டுமென்றும் கோருகிறோம்.