கல்லீரலின் காவலும் செயற்கைக் கஞ்சாவும்

உடலினுள் புகும் நஞ்சுகள் பலவற்றின் பல்லைப் பிடுங்கி வெளியேற்றும் காவலாளி கல்லீரல் என்பதை நாம் அறிவோம். 'ஸ்பைஸ்' என்ற பெயரில் மூலிகைத் தூளாக விற்கப்பட்ட செயற்கைக் கஞ்சாவிடம் அக்காவல் தளர்கிறது. 2008-இல் ஜெர்மனியில் அதனை ஆராய்ந்தபோது, தழைமீது ஜே.டபிள்யூ.எச்.-018 என்னும் இரசாயனம் தெளிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்கென்றே ஆக்கிய பொருள் அது! கஞ்சாவின் போதைச்சத்து மூளையிலுள்ள ஏற்பிகளை ஓரளவே தூண்டும் (அதுவே கேடுதான்). இதுவோ முழுவதுமாகத் தூண்டும். கல்லீரலின் நொதிகள் இதனைச் சிதைத்த பின்னும், விளையும் பொருள்கள் பல அவ்வேற்பிகளையே பற்றிக்கொள்கின்றன. இவ்வினப் பொருள்களால் வலிப்பும் சிறுநீரகப் பழுதும் கண்டோர் உண்டு. "சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா இல்லை" என்று பெற்றோராகிய நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. கஞ்சாவுக்கான வழக்கமான சோதனையில் இது அகப்படுவதில்லை.