சொந்தக்காரச் செடின்னா போதுமா?

கேரலுமா கேப்சூல் விற்கிறவங்க அடிக்கடி எடுத்து விடுற பிட்டு: இது ஹூடியாவுக்குச் சொந்தக்காரச் செடி. உண்மைதான். ரெண்டுமே எருக்கங்குடும்பம், பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும், கள்ளி இல்லை.

ஆனா அந்தச் சொந்தக்காரன் கதையைச் சொல்றதில்ல. கலஹாரியில் சான் மக்கள் வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாம இருக்க ஹூடியா தண்டைச் சாப்பிட்டாங்க. அதிலிருந்து பிரிச்ச பி57-க்கு பேடன்ட் வாங்கினது தென்னாப்பிரிக்காவின் சி.எஸ்.ஐ.ஆர். சான் மக்களுக்குப் பங்கு தர ஒப்பந்தம் போட்டது 2003-ல்தான், அதுவும் சண்டை போட்ட பிறகு. ஃபைசர் விலகியது, யூனிலீவர் 2008-ல் கைவிட்டது. 2011-ல் வெளியான ஆய்வில், ஹூடியா எடுத்த பெண்கள் சாப்பிடுற அளவு குறையல. ரத்த அழுத்தம்தான் ஏறிச்சு.

இந்த உறவை வச்சா மார்க்கெட்டிங்?

கேரலுமாவுக்குத் தனி டேட்டா இருக்கு. பெங்களூருவில் 50 பேர், 60 நாள்: பசியும் இடுப்புச் சுற்றளவும் குறைஞ்சது, எடையில் டம்மி மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அதை அப்படியே லேபிள்ல போடட்டும். நம்ம ஊர்ல இதே இனத்துச் செடியைக் கள்ளிமுளையான்னு துவையல் அரைப்பாங்க. துவையலை நான் சாதத்தோட சாப்பிடுவேன். சாதத்துக்குப் பதிலா கேப்சூல் முழுங்க மாட்டேன்.